நாய்களின் வாளி

கைனூவில் அக்டோபர். கொட்டகை விட்டத்தில்
தலைகீழாய்த் தொங்குகிறது மூஸ்.
உரித்த உடம்பிலிருந்து இன்னும் ஆவி எழுகிறது.
நான் சுடுவதில்லை. கத்தி மட்டும் என்னுடையது.
பதினேழு பருவமாய் இந்தக் குழுவுக்கு
அறுத்துப் பங்கிடுகிறேன்.

வெளியே, வண்டி மூடியின் உறைபனியைத் துடைத்து
ஓட்ஸோ தன் புதுத் தோட்டாவை நிறுத்துகிறான்.
தடித்த பித்தளை உடம்பு, சட்டென இறங்கும் தோள்,
கொக்கின் மூக்கு.
முந்நூறு மீட்டரில் ஒரு சாணுக்குள்தான் தாழுமாம்.
காற்று தள்ளினாலும் நாலு விரல்தானாம்.
கைபேசியில் பட்டியல் வைத்திருக்கிறான்.

தாவெத்தி சட்டைப்பையில் துழாவி
பழைய ஆறரையை எடுக்கிறார்.
சாவிக்கொத்தோடு கிடந்து கீறல் விழுந்தது.
அவரிடம் பட்டியல் இல்லை.
"இதுக்கு மூஸ்கள் பழகிப்போச்சு" என்கிறார்.

ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில்
அரை மில்லிமீட்டர்.
என் கத்தியின் முதுகு அதைவிடத் தடிமன்.
மருந்துதான் ஒன்றரை மடங்கு என்கிறார்கள்.
இருக்கலாம்.
மருந்து என்னிடம் வந்து சேருவதில்லை,
அது செய்த வேலை வருகிறது.

ரத்தக் கைரேகை காய்ந்த நோட்டில்
என் பட்டியல்:

திங்கள். மூன்று வயதுக் கிடா.
ஓட்ஸோ, எழுபது மீட்டர்.
நின்ற இடத்தில் விழுந்தது; அதை மறைக்க மாட்டேன்.
ஆனால் இடது தோளைத் திறந்தால்
காட்டுப்பழம் மிதித்த நிறத்தில் கூழ்.
அரிசியில் கல்போல எலும்புச் சில்லுகள்,
பொறுக்கப் பொறுக்கத் தீரவில்லை.
நாய்களின் வாளிக்கு நாலு கிலோ இருநூறு.
நாய்கள் புதிய தோட்டாவின் கட்சி.

புதன். பெட்டை. தாவெத்தி, ஐம்பத்தைந்து மீட்டர்.
விலாவில் என் சுண்டுவிரல் நுழையும் துளை,
மறுபுறம் கட்டைவிரல் நுழையும் துளை.
வாளிக்கு அறுநூறு கிராம்.
ஆனால் அது அறுபது மீட்டர் ஓடி
பாசிக்குழியில் போய்ப் படுத்திருந்தது.
நாலு பேர், ஒரு கயிறு, இருட்டும்வரை.
அந்த முதுகுவலிக்கு என் நோட்டில் பத்தி இல்லை.

சனிக்கிழமையை எழுதி, அடித்து,
மறுபடி எழுதியிருக்கிறேன்.

தாவெத்தியின் ரவை ஆல்டர் கிளையை உரசி
திசை மாறி, குடலில் இறங்கியது.
பெட்டை சதுப்பு நிலத்தில் இறங்கி நொண்டிப்போனது.
அவர் பையில் மிச்சமிருந்தவையும் ஆறரைதான்;
அது எவ்வளவு தூரம் போகும் என்று
நாற்பது வருடமாய்த் தெரிந்தவர்.
அக்கரையில் அது நின்றது, ஒரு மூச்சு நேரம்.
இருநூற்றெண்பது மீட்டர். பக்கக் காற்று.
தாவெத்தி துப்பாக்கியைத் தாழ்த்தினார்.
"நீ."

ஓட்ஸோ ஒரே ஒரு முறை.
சத்தம் எதிர்க்கரையில் மோதித் திரும்புவதற்குள்
முன்னங்கால்கள் மடிந்தன.

அன்று கொட்டகையில் யாரும் கைபேசியை எடுக்கவில்லை.
குடல் நாற்றத்துக்குக் கதவைத் திறந்துவைத்து
அறுத்தேன்.
இதயத்தின் மேல்முனையை வாங்கிக்கொண்டு போய்
எதிர்ப்பக்கத் தோலடியில் தங்கியிருந்தது
நாலு இதழாய் விரிந்த செம்பு.
கழுவி ஜன்னல் கட்டையில் வைத்தேன்,
பழைய ரவைகளின் வரிசையில்.
அவையும் வரும்போது கூராய் இருந்தவைதான்.
இங்கே எல்லாம் காளான்.

வாளிக்கு ஐந்து கிலோவுக்கு மேல் போனது.
யார் பெயரில் எழுதுவது என்று
இருவரும் கேட்கவில்லை,
கேட்காமலே நின்றார்கள்.
"ஆல்டர் கிளை" என்று எழுதினேன்.

கை கழுவும்போது தாவெத்தி,
சுவரைப் பார்த்துக்கொண்டு:
"ஒரு பெட்டி என்ன விலை?"
ஓட்ஸோ சொன்னான்.
சோப்பு நழுவித் தொட்டியில் விழுந்தது.
அதை எடுக்காமல் அவர்
பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
சாவிக்கொத்தோடு சேர்ந்து
கிணுங்கியது ஆறரை.